ஐம்பதுக்கும் எழுபத்தைந்துக்கும் நடுவில்

கோக்-பெல், நாரின் மாவட்டம், கிர்கிஸ்தான்
1996 செப்டம்பர் 18

டேய் கொர்னேய்,

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கடிதத்தில் அழகாக இருக்கும் எழுத்து என் மருமகள் ஜிபெக்கினுடையது. அசிங்கமாக இருக்கும் பேச்சு என்னுடையது. நான் சொல்வதை மாற்றாமல் எழுது என்று சொல்லியிருக்கிறேன். என் பெயரை மட்டும் எழுத மாட்டாளாம். மாமனார் பெயரை மருமகள் வாயால் சொல்லக் கூடாது என்றால் கையால் எழுதினால் மட்டும் பரவாயில்லையா என்று என்னையே கேட்கிறாள். அதனால் அடியில் பெயர் இருக்காது. மொட்டைக் கடுதாசி என்று அங்கே போலீஸில் கொடுத்துவிடாதே.

உன் அக்கா மகன் வந்தான். நீ கொடுத்தனுப்பிய ரேடியோ செட்டைக் கம்பளியில் சுற்றி, பிஷ்கேக்கிலிருந்து இங்கே வரும்வரை கைக்குழந்தை மாதிரி மடியில் வைத்துக்கொண்டே வந்திருக்கிறான். ஜப்பான்காரன் செய்ததாமே. கணவாய்மேல் வானிலை நிலையத்தில் நீ வைத்திருந்த செட்டுக்கு முன்னால் இது தீப்பெட்டி. அந்தப் பழையதை என் குதிரைமேல் ஏற்றிக்கொண்டு போனபோது அது நடுவழியில் படுத்துக்கொண்டது நினைவிருக்கிறதா? இதை என்றால் கோழிமேல் ஏற்றலாம். லாரி பேட்டரியில் மாட்டினோம். விளக்கெல்லாம் எரிந்தது. ஜன்னலுக்கு வெளியே ஒரு துண்டுக் கம்பியைத் தொங்கவிட்டதும் எவனோ ஒரு இத்தாலிக்காரன் சண்டை போடுவதுபோல் வானிலை சொன்னான். கேட்பதற்கு அந்தத் துண்டு போதும், பேசுவதற்குச் சரியான ஆண்டெனாவும் அதிலிருந்து செட்டுக்கு இறங்கக் கேபிளும் வேண்டும் என்று நீ சொல்லி அனுப்பியதாக உன் அக்கா மகன் சொன்னான்.

சாப்பாட்டில் உட்கார்ந்தபோது அவனிடம், "உன் மாமன் எப்படி இருக்கான்? அங்கயும் ஊருக்கெல்லாம் புத்தி சொல்லிக்கிட்டுத் திரியறானா?" என்று கேட்டேன். அவன் கையிலிருந்த கறித்துண்டைக் கீழே வைத்துவிட்டான்.

"மாமாவுக்குத் தொண்டையில புத்துநோய். கதிர் வச்சுப் பாத்தாங்க, கேக்கல. புது வருஷம் பொறந்ததும் குரல்வளையை எடுத்துடுவாங்க. அப்புறம் பேச்சே வராதாம். அதுக்குள்ள உங்ககூட ஒரு தடவையாவது ரேடியோவுல பேசிடணும்னுதான் செட்டை அனுப்பியிருக்காரு."

இதை நீயே எழுதியிருக்கலாம். பரவாயில்லை, வைய வேண்டியதை நேரில் வைகிறேன். ஒரே வருஷத்தில் பிறந்தவர்கள் என்ன வேண்டுமானாலும் வைதுகொள்ளலாம் என்பது நம் ஊர் வழக்கம். ஜெர்மனிக்குப் போனதால் அந்த உரிமை ரத்தாகிவிடாது.

மறுநாளே மாவட்டத் தலைநகருக்குப் போய் டிரங்க் கால் போடச் சொன்னேன். ஜெர்மனிக்கு மாஸ்கோ வழியாகத்தான் லைன் என்றாள் அங்கிருந்த பெண். பெஞ்சில் உட்கார்ந்து உட்கார்ந்து இடுப்பு போனதுதான் மிச்சம். கடைசியில், "பெரியவரே, வீட்டுக்குப் போங்க, மாஸ்கோ எடுக்க மாட்டேங்குது" என்றாள். நம் ஊர் போன் கம்பியைப் பற்றிக் கேட்காதே. கம்பங்கள் நிற்கின்றன. கம்பி, செம்பு என்பதால், திருடர் கையால் எல்லை தாண்டி விலைக்குப் போய்விட்டது. வானிலை நிலையத்தை மூடினார்களே, அங்கே நீ போட்டிருந்த கேபிளும் அதே வழியில்தான் போயிற்று.

இங்கே மிச்சமிருப்பது ஒரே கேபிள். நம் ஊர் பள்ளத்தில் இருப்பதால் டிவி எடுக்காது என்று மேட்டில் ஒரு ஆண்டெனாவை நட்டு, அங்கிருந்து என் வீட்டோடு சேர்த்து ஐந்து வீட்டுக்கு இழுத்திருக்கிறார்கள். சோவியத் காலத்து உருப்படி. தடிமனாக, கறுப்பாக, கணவாயில் நீ போட்டிருந்ததற்குக் கூடப் பிறந்தது மாதிரி இருக்கிறது. அதை உருவி மாட்டட்டுமா? ஊர்ப் பெண்கள் மெக்சிகோ தொடர் பார்க்கிறார்கள். பக்கத்து வீட்டுப் பூபுசாரா என் தாடியைப் பிடுங்கிவிடுவாள். ஆனாலும் நீ சரி என்று ஒரு சொல் சொல்லு, உருவிவிடுகிறேன்.

கணவாய்க்கு மாவும் மண்ணெண்ணெயும் ஏற்றிக்கொண்டு கிளம்புமுன் தினமும் மைக்கில் கூப்பிடுவேனே, "மேலே, மேலே, கீழே பேசுறேன்" என்று. அதே மாதிரி கூப்பிடுகிறேன்.

உனக்குத் தெரிந்த ஆள்.


டெட்மோல்ட், ஜெர்மனி
1996 அக்டோபர் 12

அன்புள்ள ஷெர்காசி,

உன் கடிதம் வந்தது. ஜிபெக்கின் கையெழுத்து நன்றாக இருக்கிறது. அவளுக்கு என் வாழ்த்து.

என் அக்கா மகன் சொன்னது சரி. உன்னிடம் மறைக்க வேண்டும் என்றில்லை. நான் எழுதினால் அதை வேறொருவர் படிக்க, நீ கேட்க வேண்டியிருக்கும். அந்தச் செய்தியை ஜிபெக்கின் வாயில் வைக்க எனக்கு மனம் வரவில்லை. கடைசியில் அதைச் சாப்பாட்டு நேரத்தில் வைத்துவிட்டான். மன்னித்துக்கொள்.

மருத்துவர் பேச்சைக் குறைக்கச் சொல்லியிருக்கிறார். வீட்டில் என் மனைவி அகாத்தாவிடம் சைகைதான். ரொட்டிக் கடையில் விரலை நீட்டுகிறேன். மாதாகோயிலில் பாட்டுக்கு வாயை மட்டும் அசைக்கிறேன். இருக்கிற குரலை உனக்காக எடுத்து வைத்திருக்கிறேன் என்று சொன்னால் சிரிப்பாய். ஆனால் அதுதான் உண்மை. அதனால் நானாகக் கூப்பிட்டுக் கத்திக்கொண்டிருக்க மாட்டேன். ஞாயிறுதோறும் இங்கே காலை பத்து மணிக்கு, உங்களுக்கு மதியத்துக்குப் பிறகு, செட்டின் முன்னால் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பேன். சிவப்புத் துண்டு ஒட்டிய பொத்தானை அழுத்து. நாம் சந்திக்கும் அலைவரிசை தானே வந்துவிடும். நீ கூப்பிட்ட உடனே நான் பேசுவேன்.

இனி கேபிள் விஷயம். டிவி கேபிளைப் போடாதே.

காரணம் சொல்கிறேன். ஒவ்வொரு கேபிளுக்கும் ஓம் என்று ஓர் அளவு உண்டு. இந்தச் செட் ஐம்பது ஓம் கேபிளுக்காகச் செய்தது. டிவி கேபிள் எழுபத்தைந்து. இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் நாம் அனுப்புவதில் ஒரு பங்கு ஆண்டெனாவுக்குப் போகாமல் திரும்பி வரும். கணவாயில் நம்மிடம் இருந்தது வால்வு செட். அது எதையும் தாங்கும். இது அப்படியில்லை. திரும்பி வருவது உள்ளே இருக்கும் டிரான்சிஸ்டரைச் சுட்டுவிடும். அப்புறம் நாரினில் யார் அதைப் பழுது பார்ப்பார்கள்? இங்கே ரேடியோ சங்கத்தில் கேட்டேன். எல்லோரும் ஒரே குரலில் ஐம்பது என்கிறார்கள். ஒருவர், கருகிப்போன ஒரு செட்டைத் திறந்தே காட்டினார்.

ஆகவே சரியான கேபிளை வாங்கி, இரண்டு முனையிலும் நானே பிளக் வைத்து, நேற்று பார்சலில் போட்டுவிட்டேன். அது வரும்வரை பொறு. ஆண்டெனாவை மட்டும் தயாராக வை. இரண்டு பக்கமும் ஐந்தைந்து மீட்டர் கம்பி, நடுவில் பிளாஸ்டிக் துண்டு, முடிந்தவரை உயரத்தில்.

நம்மிடம் நேரம் இருக்கிறது. அவசரப்பட்டு இருப்பதைக் கெடுத்துவிடாதே.

கொர்னேலியுஸ் வீபே


கோக்-பெல்
1996 நவம்பர் 8

ஐம்பது ஓம் ஐயா அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் கட்டளை வந்து சேர்ந்தது.

டேய், கணவாயில் எத்தனை வருஷம் எழுபத்தைந்தை வைத்துக்கொண்டு குப்பை கொட்டினாய்? அலாஸ்காக்காரனோடு பேசினேன், அண்டார்டிகாவில் எவனோ ரஷ்யன் பெண்டாட்டிக்கு என் வழியாகத்தான் பிறந்தநாள் வாழ்த்து சொன்னான் என்று பீற்றிக்கொள்ளவில்லையா? ஜெர்மன் மண்ணை மிதித்ததும் எழுபத்தைந்து ஐம்பதாகிவிட்டதா? கொஞ்சநாள் போனால் நம் கணவாய்கூட இவ்வளவு உயரம் இருக்க முடியாது, சங்கத்தில் கேட்டேன் என்று எழுதுவாய்.

இதைச் சொன்னதும் ஜிபெக் பேனாவை வைத்துவிட்டாள். "மாமா, அவரு நோயாளி. இப்பிடியா எழுதறது?" என்றாள். நோயாளி என்பதற்காக மரியாதையாகப் பேசினால் அவன் இப்போதே செத்துவிடுவான், எழுது என்றேன்.

உன் கடிதம் வருவதற்குள் பூபுசாராவிடம் பேச்சைத் தொடங்கிவிட்டேன். கேபிளைக் கொஞ்சநாள் எடுத்துக்கொள்ளட்டுமா என்றுதான் கேட்டேன். மாவு பிசைந்த கையோடு வெளியே வந்தாள்.

"அண்ணே, அந்தப் பொண்ணுக்குக் கண்ணு தெரியாமப் போயிடுச்சு. பெத்த புள்ளையைத் தொலைச்சுட்டு எதிர்லயே நின்னாலும் தெரியாம நிக்குறா. இந்த நேரத்துல போயி கேபிளை உருவுனா நல்லா இருப்பீங்களா?"

"எந்தப் பொண்ணும்மா?"

"தொடர்லண்ணே. உங்க வீட்டு டிவியிலதானே ஓடுது, நீங்க எங்கே பாக்குறீங்க?"

அப்போதும் நான் விடவில்லை. கூட்டாளிக்குக் குரல் போகப்போகிறது என்று சொன்னதும் அவளுக்கு முகம் மாறியது. வீட்டுக்காரரிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றாள். அவள் வீட்டுக்காரன் எதற்கும் மறுப்புச் சொல்லும் ஆள் இல்லை. அதற்குள் உன் கட்டளை வந்துவிட்டது. போய், வேண்டாம்மா, ஜெர்மனியிலிருந்து தனியாக வருகிறது, இது அவனுக்கு ஆகாதாம் என்று சொல்லிவிட்டேன். "அங்கேருந்து கம்பி வந்துதானா இங்கே பேசணும்?" என்றாள்.

ஆண்டெனாக் கம்பியைக் கட்டியாயிற்று. இரண்டு பாப்ளர் மரத்துக்கு நடுவில், ஏணிமேல் ஏணி வைத்து, என் மகன் ஏறினான். நான் கீழே நின்று வைதேன். நடுவில் பிளாஸ்டிக் துண்டு என்றாயே, ஷாம்பு டப்பாவை வெட்டிப் போட்டோம். கம்பி காற்றில் ஆடிக்கொண்டு நிற்கிறது. அதிலிருந்து இறங்க வேண்டியதுதான் இல்லை. கண்ணைத் தூக்கினால் அதற்கு அடுத்தபடியாக மேட்டிலிருந்து இறங்கும் டிவி கேபிள்தான் தெரிகிறது.

சரி, உன் சொல்படியே காத்திருக்கிறேன். நீ படித்தவன்.

உன் ஆள்.

(கொர்னேய் மாமா, இது ஜிபெக் தானாக எழுதுவது. மாமா உங்களிடம் சொல்லாத ஒன்று. ஞாயிற்றுக்கிழமை மதியம் ஆனால் செட்டை முன்னால் வைத்துக்கொண்டு காதில் மாட்டிக்கொள்கிறார். நீங்கள் பேச மாட்டீர்கள் என்று தெரிந்தும் உட்கார்ந்திருக்கிறார். யாராவது உள்ளே வந்தால் கையை உயர்த்தி நிறுத்துகிறார். மைக்கைத் துணியில் மூடி வைத்திருக்கிறார்.)


டெட்மோல்ட்
1996 டிசம்பர் 1

அன்புள்ள ஷெர்காசி,

நீ வைததை இரண்டு தடவை படித்தேன். அகாத்தாவுக்கும் படிக்கக் கொடுத்தேன். "இப்பத்தான் நல்ல மருந்து வந்திருக்கு" என்றாள்.

அறுவைக்கு நாள் குறித்துவிட்டார்கள். ஜனவரி 21, செவ்வாய்.

பார்சலைப் பற்றித் தபால் அலுவலகத்தில் போய் விசாரித்தேன். அது பிஷ்கேக் போய்ச் சேர்ந்துவிட்டது, சுங்கத்தில் இருக்கிறது என்கிறார்கள். கேபிள் என்று எழுதியிருப்பதைப் பார்த்து வியாபாரச் சரக்கு என்று நினைத்திருக்கலாம். பரிசுப் பொருள் என்று எழுதியிருக்க வேண்டும். இருப்பதைச் சரியாக எழுதுவதுதான் என் பழக்கம் என்பது உனக்குத் தெரியும். அந்த அலுவலகத்துக்கு ஒரு விளக்கக் கடிதம் அனுப்பியிருக்கிறேன். எந்த நாளும் வந்துவிடலாம்.

ஒரு விஷயம். அகாத்தா என்னோடு சண்டை போட்டாள். நான் பேசக் கூடாது என்பதால் சண்டை ஒரு பக்கமாகத்தான் நடந்தது.

"அந்த மனுஷன் டிவி கேபிளை மாட்டறேங்கறாரு. மாட்டட்டுமே. செட்டு எரிஞ்சா எரியட்டும். ஒரு பத்து நிமிஷம் பேசிட்டு எரியட்டும். அதுக்கு மேல அந்தச் செட்டை வச்சு நீங்க என்ன பண்ணப் போறீங்க?"

நான் பலகையில் எழுதினேன்: பத்து நிமிடம் ஆகும் முன்பே எரிந்தால்?

அவள் பலகையைத் துடைத்து வைத்துவிட்டுச் சமையலறைக்குப் போனாள்.

எனக்கும் தயக்கம் வருகிறது, ஷெர்காசி. ஆனால் ஒன்றை நினைத்துப் பார். நீ கூப்பிடுகிறாய், நான் கேட்டுப் பதில் சொல்ல வாயைத் திறக்கிறேன், உன் செட் அணைந்துவிடுகிறது. அதற்குப் பிறகு வருவது எதுவும் இல்லை. அதைவிட இன்னும் கொஞ்சம் பொறுப்பது நல்லது. ஜனவரியில் மூன்று ஞாயிறு இருக்கின்றன. கேபிள் வந்துவிடும்.

நேற்று உனக்குச் சொல்ல வேண்டியவற்றை மனதில் வரிசைப்படுத்திப் பார்த்தேன். எழுதினால் அவை கடிதமாகிவிடும். வேண்டாம். பேசும்போது சொல்கிறேன்.

கொர்னேலியுஸ்


கோக்-பெல்
1996 டிசம்பர் 29

கொர்னேய்,

நாளைக்குத் தபால்காரர் குதிரையில் கீழே இறங்குகிறார். அதற்குப் பிறகு பாதை மூடிவிடும் என்கிறார். பனி இந்த வருஷம் மாட்டு முதுகுக்கு மேல் நிற்கிறது. அதனால் ஜிபெக்கை அடுப்பிலிருந்து கூப்பிட்டு எழுத வைத்திருக்கிறேன். கடிதம் தீய்ந்த வாடை அடித்தால் அது எங்கள் ரொட்டி.

உன் பார்சல் வரவில்லை.

கரண்டும் இல்லை. பனிப் பாரத்தில் மேலே இரண்டு கம்பம் சாய்ந்து கிடக்கிறது. ரிப்பேருக்கு ஆள் வர முதலில் பாதை வர வேண்டும். ஊர் முழுக்க டிவி கறுத்துப்போய் உட்கார்ந்திருக்கிறது. என் செட்டுக்கு மட்டும் லாரி பேட்டரி இருக்கிறது. நேற்று பூபுசாரா வந்தாள். பின்னால் மற்ற மூன்று வீட்டுப் பெண்களும். தேநீர் கொடுத்தோம்.

"அண்ணே, கேபிளை எடுத்துக்குங்க" என்றாள்.

"ஏன், அந்தப் பொண்ணுக்குக் கண்ணு வந்துடுச்சா?"

"அவ கிடக்கறா. கரண்டு வர மாசமாகும். சும்மா தொங்குற கம்பி. உங்க கூட்டாளிகிட்டப் பேசி முடிச்சுட்டுத் திருப்பிக் கட்டிக் குடுங்க."

"அது எழுபத்தஞ்சும்மா. அவன் அம்பதுன்னு சொல்லியிருக்கான்."

"அம்பதோ நூறோ, எங்களுக்கென்ன தெரியும்? அந்த மனுஷனுக்குக் குரல் போகப்போகுதுன்னு சொன்னது நீங்கதானே?"

"சொன்னேன். அவன் கேபிள் வரட்டும்."

"வரலைன்னா?"

"வரலைன்னா அவன் பாடு, அவன் அம்பதோட பாடு."

பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு எழுந்து போனார்கள். நல்ல வெண்ணெய் வைத்திருந்தோம், தொடவில்லை.

நான் பேசியது சரிதானே, கொர்னேய்? நான் மாட்டி, செட் எரிந்தால், உயிரோடு இருக்கும்வரை ஷெர்காசி எரித்துவிட்டான் என்பாய். வாயால் சொல்ல முடியாவிட்டால் பலகையில் எழுதிக் காட்டுவாய். அந்தப் பேச்சு எனக்கு வேண்டாம். இதில் எதுவும் என் கையால் கெடக் கூடாது. (மாமா தன் பெயரைத் தானே சொல்லிவிட்டார், எழுதித்தான் ஆக வேண்டும் என்கிறார். முதல் எழுத்தை மட்டும் போடட்டுமா என்றேன். கத்தினார். எழுதிவிட்டேன். ஜிபெக்.)

மூன்று ஞாயிறு இருக்கிறது என்று எழுதியிருக்கிறாய். பார்ப்போம்.

(மாமா தொழுவத்துக்குப் போயிருக்கிறார். இதை அவருக்குப் படித்துக் காட்ட மாட்டேன். கொர்னேய் மாமா, நீங்கள் சரி என்று ஒரு வார்த்தை சொல்லாமல் இவர் அந்தக் கேபிளைத் தொட மாட்டார். உங்கள்மேல் கோபம், அதனால்தான் இவ்வளவு கீழ்ப்படிகிறார். தயவுசெய்து சொல்லிவிடுங்கள்.)


டெட்மோல்ட்
1997 ஜனவரி 5, ஞாயிறு

ஷெர்காசி,

மாட்டு. டிவி கேபிளை மாட்டு. இந்தக் கடிதம் வந்த நிமிடமே மாட்டு. இன்று தபால் அலுவலகம் மூடியிருக்கிறது. நாளை காலை தந்தியும் அடிக்கிறேன். எது முன்னால் வந்தாலும் சரி.

நடந்ததைச் சொல்கிறேன். இன்று பத்து மணிக்கு வழக்கம்போல் உட்கார்ந்து கேட்டேன். நீ இல்லை. அதற்குப் பிறகு சங்கத்துக்குப் போனேன். நேற்றைய காற்றில் அவர்கள் கூரை ஆண்டெனா சாய்ந்துவிட்டது. நான் ஏணியைப் பிடித்துக்கொண்டேன். மேலே ஏறியவர் கேபிளை அவிழ்த்துக் கீழே போட்டார். அது என் தோளில் வந்து விழுந்தது. வெள்ளை உறை. அதன்மேல் அச்சடித்திருந்ததைப் படித்தேன். எழுபத்தைந்து ஓம்.

சங்கத்தின் சொந்த ஆண்டெனா. வீடுகளுக்கு டிவி கேபிள் போட வந்தவர்கள் மிச்சத்தைக் கொடுத்துவிட்டுப் போனார்களாம். பல வருஷமாக அதில்தான் பேசுகிறார்கள். உன் செட்டைப் போன்ற செட்டில்தான்.

எனக்குக் குரலைச் சேமிக்க வேண்டும் என்பதே மறந்துபோய்க் கத்தினேன். "அம்பதுன்னு சொன்னீங்களே!"

மேலே இருந்தவர் நிதானமாகச் சொன்னார். "கேட்டா அம்பதுன்னுதான் சொல்லணும். அதுதான் முறை. ஆனா நடுவுல பிரிச்சு ரெண்டு பக்கமும் கட்டற ஆண்டெனாவே எழுபதுக்குப் பக்கத்துலதானே இருக்கு. அதுக்கு டிவி கேபிள்தான் இன்னும் நல்லாப் பொருந்தும். செட்டு லேசா முணுமுணுக்கும். அவ்வளவுதான்."

இது எனக்குத் தெரியும், ஷெர்காசி. இந்த நாட்டுக்கு வருவதற்கு முன் என்னைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். புதிய இடம், புதிய செட், எல்லோரும் என்னைவிடச் சுத்தமாக ஜெர்மன் பேசுகிறார்கள். எனக்குத் தெரிந்தது எல்லாமே தப்பாக இருக்கும் என்று நினைக்கப் பழகிவிட்டேன்.

12ஆம் தேதி ஞாயிறு இருக்கிறது. 19ஆம் தேதி ஞாயிறு இருக்கிறது. இரண்டு நாளும் காலையிலிருந்து சாயங்காலம்வரை உட்கார்ந்திருப்பேன்.

கூப்பிடு.

கொ.


கோக்-பெல்
1997 மார்ச் 19

கொர்னேய்,

ஞாயிறுதோறும் ரேடியோவில் பேசத்தான் செய்கிறோம். ஆனால் அங்கே ஊர் உலகமெல்லாம் கேட்கிறது. அதனால் சிலதை ஜிபெக் கையில்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

பிப்ரவரி கடைசியில்தான் பாதை திறந்தது. தபால்காரர் ஒரே பையிலிருந்து முதலில் தந்தியை எடுத்தார், பிறகு கடிதத்தை எடுத்தார். தந்தியில் இரண்டே சொல் இருந்தது என்றாள் ஜிபெக். "டிவி கேபிள்." கடிதத்தை அவள் படிக்கத் தொடங்கியபோது நான் தேதியைக் கேட்டேன். சொன்னாள். அதற்குப் பிறகு அவள் படித்ததில் பாதி என் காதில் ஏறவில்லை. திரும்பப் படிக்கச் சொன்னேன்.

அறுவை தள்ளிப் போயிருக்கலாம் என்று நினைத்தேன். மருத்துவருக்குக் காய்ச்சல் வந்திருக்கலாம். ஜெர்மனியிலும் கரண்டு போயிருக்கலாம். அப்படியெல்லாம் நினைத்துக்கொண்டேதான் பூபுசாரா வீட்டுக்கு ஓடினேன். அவள் என் முகத்தைப் பார்த்தே மற்றவர்களைக் கூப்பிட்டாள். பெண்கள் நான்கு பேரும் இடுப்பளவு பனியில் மேட்டுக்கு ஏறிக் கேபிளை உருவிக்கொண்டு வந்தார்கள். அன்று பொழுது சாய்வதற்குள் மாட்டியாயிற்று. மாட்ட அவ்வளவு நேரம்தான் ஆயிற்று, கொர்னேய்.

மார்ச் இரண்டு, ஞாயிறு. வீடு நிறைய ஆட்கள். மைக்கின்மேல் கிடந்த துணியை எடுத்தேன். "மேலே, மேலே, கீழே பேசுறேன்." ஒன்றும் இல்லை. திரும்பவும் கூப்பிட்டேன். செட் சூடாகிறதா என்று மகன் கையை வைத்துப் பார்த்தான். "ஒண்ணும் ஆகலப்பா, வெதுவெதுன்னுதான் இருக்கு" என்றான். மூன்றாவது தடவை கூப்பிட்டுவிட்டுக் கையை எடுத்தேன். ஒரு பெண் குரல் வந்தது.

"ஷெர்காசியா? நான் அகாத்தா. இந்தப் பொத்தானை எப்ப விடணும்னே எனக்குத் தெரியல. கேக்குதா?"

கேட்கிறது என்றேன்.

"அவரு பக்கத்துலதான் உக்காந்திருக்காரு. நல்லா இருக்காரு. கழுத்துல குழாய் இருக்கு. ஏதோ எழுதிக் காட்டறாரு. இருங்க. 'அஞ்சு ஒன்பது'ன்னு எழுதியிருக்காரு. அப்படின்னா என்ன?"

எனக்கு எழுத்து தெரியாது, ஆனால் அது தெரியும். குரல் துல்லியம், பலம் முழுசு, அதற்கு மேல் மார்க்கே கிடையாது. கணவாயிலிருந்து நீ எனக்கு ஒருநாளும் அவ்வளவு கொடுத்ததில்லை. அஞ்சு ஏழு என்பாய், மனசு வந்தால் அஞ்சு எட்டு என்பாய். அறையில் இருந்தவர்கள் எல்லாம் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பூபுசாரா, "என்ன சொல்றாங்க? கம்பி நல்லா இருக்காமா?" என்றாள். கம்பியில் ஒரு குறையும் இல்லையாம் என்றேன். சொல்லிவிட்டு என்னால் அங்கே உட்கார்ந்திருக்க முடியவில்லை. அகாத்தாவிடம் என்னென்னவோ உளறினேன். ஆடு குட்டி போட்டதைச் சொன்னேன் போலிருக்கிறது.

கடைசியில் ஒரு சத்தம் வந்தது. அகாத்தா பேசி முடித்தபிறகு, பொத்தானை விடுவதற்கு முன்னால். கதவிடுக்கில் காற்று நுழைகிற மாதிரி. அது வானமா, நீயா? ரேடியோவில் கேட்கக் கூச்சமாக இருந்தது. அதைக் கேட்கத்தான் இந்தக் கடிதம்.

உன் பார்சல் போன வாரம் வந்தது. பிளக்கெல்லாம் வைத்து, பூனைக்குட்டி வால் மாதிரி அழகாகச் சுற்றியிருந்தாய். அன்றைக்குத்தான் கரண்டும் வந்தது. பெண்கள் வந்து வாசலில் நின்றார்கள். எழுபத்தைந்தை நான் இனிமேல் கழற்றுவதாக இல்லை. அதனால் உன் ஐம்பதை மேட்டுக்கு இழுத்து டிவிக்குக் கட்டிக் கொடுத்துவிட்டோம். படம் முன்னைவிட நன்றாகத் தெரிகிறது என்கிறாள் பூபுசாரா. எனக்கு வித்தியாசம் தெரியவில்லை.

டிசம்பரில் அவர்கள் வந்து கொடுத்தபோது நான் என்ன பேசினேன் என்று ஜிபெக் உனக்கு எழுதிவிட்டாள். அதைத் திரும்பச் சொல்ல மாட்டேன்.

ஷெர்காசி.

(இந்தப் பெயரை நான் எழுதவில்லை. மாமா என்னிடம் தனித் தாளில் எழுதிக் காட்டச் சொன்னார். கண்ணை மூடிக்கொண்டு எழுதினேன். அதைப் பார்த்து அவரே வரைந்தார். ஜிபெக்.)


டெட்மோல்ட்
1997 ஏப்ரல் 13

அன்புள்ள ஷெர்காசி,

நீ கேட்ட சத்தம் வானம் இல்லை. நான்தான். ஆடு குட்டி போட்டது என்றாய். எத்தனை என்று கேட்க மைக்கைப் பிடித்துக்கொண்டு பேசிவிட்டேன். அந்தக் கணத்தில் மறந்துபோயிற்று. அகாத்தா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ஜனவரி 12, 19 இரண்டு நாளும் உட்கார்ந்திருந்தேன். உன் டிசம்பர் கடிதம் அறுவைக்குப் பிறகுதான் கைக்கு வந்தது, உங்கள் பாதையில் பனி விழுந்தது அதுவரை எனக்குத் தெரியாது. கோபத்தில் கூப்பிடாமல் இருக்கிறாய் என்றுதான் நினைத்தேன். 19ஆம் தேதி சாயங்காலம், இனி மிச்சம் பிடித்து என்ன ஆகப்போகிறது, நானே கூப்பிட்டுவிடுவோம் என்று மைக்கை எடுத்தேன். நான் கூப்பிட்டு நீ பதில் சொல்லாவிட்டால் அதையும் தாங்க வேண்டுமே என்று திரும்ப வைத்துவிட்டேன். நீ அன்றும் ஜன்னல் கம்பியில் காதை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய் என்று போன ஞாயிறு ஜிபெக் சொல்லித்தான் தெரிந்தது. கூப்பிட்டிருந்தால் கேட்டிருப்பாய். இதை என்ன செய்வது என்று தெரியவில்லை, ஷெர்காசி. எழுதி வைக்கிறேன்.

உனக்குச் சொல்ல வரிசைப்படுத்தி வைத்திருந்தவற்றைப் போன ஞாயிறு ரேடியோவில் கேட்டிருந்தாய். கேட்காதே. அகாத்தாவின் வாயில் அவை வேறாகிவிடும். நீ பேசு. குட்டிகளைப் பற்றிப் பேசு, பூபுசாராவைப் பற்றிப் பேசு, என்னை வை. ஞாயிற்றுக்கிழமை இங்கே நான் வேறு எங்கும் போவதில்லை.

ஒன்றை மட்டும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ரொட்டிக் கடையில் விரலை நீட்டி, கோயிலில் வாயை அசைத்து, உனக்கென்று எடுத்து வைத்திருந்தேனே, அந்தக் குரல் கடைசியில் எங்கே போயிற்று என்று. செவ்வாய்க்கிழமை காலை தள்ளுவண்டியில் படுக்க வைத்தார்கள். ஒரு பெண் வந்து போர்வையைச் சரிசெய்தாள். நான் பல்செட்டைக் கழற்றிக் கையில் வைத்திருந்தேன். "இதை எங்கே வைக்கட்டும், சிஸ்டர்?" என்று கேட்டேன்.

நல்ல குரல், ஷெர்காசி. அன்றைக்குக் கரகரப்பே இல்லை.

கொர்னேய்